மாத்திரைக் கணக்கு

நண்பன் ஒருவனிடம் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. "அதுல பாதிக்கு மேல நம்பிக்கைதான்டா வேலை செய்யுது, மாத்திரை இல்ல" என்பது அந்த வாக்கியம். 2019 ஆகஸ்டில், பாகூர் ஏரிக்கரையில் சொன்னேன். ஏரியில் தண்ணீர் இல்லை. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் கவிதை எழுதுகிறவன், நான் விமர்சனம் எழுதுகிறவன். அவன் கவிதைகளைப் பற்றி நான் சொன்ன எதையும் அவன் பொருட்படுத்தியது கிடையாது. இந்த ஒன்றை மட்டும் பொருட்படுத்தினான். மனச்சோர்வுக்காக ஏழு மாதமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையை மறுநாளே நிறுத்திவிட்டான்.

அந்த வாக்கியம் பொய்யல்ல என்பதுதான் இன்றுவரை எனக்குள்ள சிக்கல். பொய்யென்றால் வருத்தம் தெரிவித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியும் ஒருவனைக் கெடுக்க முடியும் என்பதை விமர்சனம் எழுதுகிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

என் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். வீடு வில்லியனூரில். வேலை பாகூரில் ஒரு வங்கிக் கிளையில், குமாஸ்தா. எம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக ஸ்கூட்டரில் போய் வருகிறேன். இந்தப் பக்கத்தில் புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. மண்ணிலோ நெற்பயிரிலோ வித்தியாசம் கிடையாது. சாராயக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016 நவம்பர் 8 இரவு ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதன் பிறகான ஐம்பது நாட்களை வங்கியில் கவுண்டருக்கு உள்ளே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசைகள் கலைந்து, கிளை பழையபடி அமைதியான பிறகு, 2017 பிப்ரவரியில்தான் ஆயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். அதன் பிறகு தூக்கம் கிடையாது. ஒரே கட்டு நோட்டை மூன்று தடவை எண்ணுவேன், மூன்று தடவையும் சரியாக இருக்கும், நம்பிக்கை மட்டும் வராது. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் அந்தப் பக்கம் என்னிடம் இருக்காது. இதை அப்போது நான் நவீன மனிதனின் அந்நியமாதல் என்று நினைத்துக்கொண்டேன். நாம் படித்திருந்த புத்தகங்கள் அப்படி நினைக்கத் தோதானவை.

புதுச்சேரி நகரத்தில் ஒரு டாக்டர் பத்து மில்லிகிராம் எஸ்ஸிட்டலோப்ராம் எழுதிக்கொடுத்தார். என் அம்மாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. வில்லியனூர் லூர்து மாதா கோவில் 1877-ல் கட்டப்பட்டது. அதன் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து தினமும் காலையில் என் தலையில் தெளித்தாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. திருக்காமீஸ்வரர் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பம். வில்லியனூரில் இதை யாரும் முரண்பாடாக நினைப்பதில்லை. ஐந்தாவது வாரம் ஒரு நாள் நான் ஆறு மணிவரை தூங்கினேன்.

"மாத்திரை என்னாடா செய்யும், மாதா தண்ணிதான்" என்றாள் அம்மா. மருந்து வேலை செய்ய நாலைந்து வாரமாகும், கணக்குச் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். இவர்கள் இருவரோடு மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. இந்த நோய் பலருக்கு எதுவும் செய்யாமலேயே சில மாதங்களில் விலகிப் போகிறது. என் கணக்கில் மூன்று பேர் பணம் போட்டிருக்கிறார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சீட்டு மட்டும் இல்லை.

இந்தச் சீட்டைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டதுதான் ப்ளாஸிபோ சோதனை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறுபகுதிக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சோர்வை அளக்க மாக்ஸ் ஹாமில்டன் என்பவர் 1960-ல் பதினேழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். உச்ச மதிப்பெண் 52. தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள், ஆறு மதிப்பெண்.

2008-ல் அர்விங் கிர்ஷ் என்ற உளவியலாளரும் சகாக்களும் நான்கு புதிய மருந்துகளின் மீதான 35 சோதனைகளை, 5,133 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கம்பெனிகள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் கொடுத்திருந்த தகவல்கள் அவை. மருந்து சாப்பிட்டவர்களின் மதிப்பெண் சராசரியாக 9.6 குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.8 குறைந்தது. வித்தியாசம் 1.8. சற்று நன்றாகத் தூங்கினாலே கிடைத்துவிடுகிற வித்தியாசம். மூன்று மதிப்பெண்ணாவது இருந்தால்தான் நோயாளிக்குப் பொருளுள்ள வித்தியாசம் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு அப்போது வைத்திருந்த அளவு.

அதே 2008-ல் எரிக் டர்னர் என்ற மருத்துவரும் குழுவும் வெளியிட்ட கட்டுரை என் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. நிர்வாகத்திடம் பதிவான 74 சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் மருந்துக்குச் சாதகமானவை 38. அவற்றில் ஒன்றைத் தவிர அத்தனையும் பத்திரிகைகளில் பிரசுரமாகியிருந்தன. சாதகமில்லாதவையோ சந்தேகத்துக்குரியவையோ 36. அவற்றில் 22 பிரசுரமாகவே இல்லை, 11 சாதகமானவைபோலத் தோற்றமளிக்கும்படி எழுதப்பட்டிருந்தன, மூன்றுதான் உள்ளபடி வந்திருந்தன. பத்திரிகைகளை மட்டும் படித்த டாக்டருக்கு நூற்றில் 94 சோதனைகள் வெற்றி. பதிவேட்டைப் பார்த்தவருக்கு 51. வரவை மட்டும் அச்சடித்துப் பற்றை விட்டுவிடும் பாஸ்புத்தகத்தை நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் நான் 2019 தொடக்கத்தில் படித்தேன். பி.ஏ.யில் படித்த ஆங்கிலம் முதல் தடவையாக எனக்கு உபயோகப்பட்டது என்று தோன்றியது. படித்து முடித்த வாரமே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மூளைக்குள் மின்சாரம் சொடுக்கியதுபோல இருந்தது. தரை சாய்ந்தது. கவுண்டரில் ஒரு கிழவி முதியோர் உதவித்தொகை வந்ததா என்று கேட்டதற்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறு வாரம் இப்படி இருந்து பிறகு அடங்கியது.

இந்த ஆறு வாரத்தை நான் எப்படி அர்த்தப்படுத்திக்கொண்டேன் என்பதைக் கவனிக்க வேண்டும். வெற்று மாத்திரையை நிறுத்தினால் மூளையில் மின்சாரம் சொடுக்காது. ஆக நான் சாப்பிட்டது உடம்பில் ஏதோ செய்கிற சரக்கு என்பதற்கு என் உடம்பே சாட்சி. நானோ 'விஷம் இறங்கியது, நான் வென்றேன்' என்று எடுத்துக்கொண்டேன். மருந்து ஒன்றும் செய்வதில்லை என்றும் மருந்து விஷம் என்றும் ஒரே மூச்சில் நம்பினேன். ஒரு கவிதையில் இப்படிப்பட்ட முரண்பாட்டைக் கண்டால் கிழித்திருப்பேன்.

இந்த வெற்றியோடுதான் ஆகஸ்டில் ஏரிக்கரைக்குப் போனேன்.

அவனுக்கும் தலைசுற்றல் வந்தது. கேட்டபோது, "எனக்கும் அப்படித்தான் இருந்தது, போயிடும்" என்றேன். போகவில்லை. அவன் நோய் என் நோயைவிடப் பெரியது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அக்டோபரில் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினான், அவன் வாத்தியார். பிறகு சாப்பிடுவதை நிறுத்தினான். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகக் குறைந்தது. நவம்பரில் மழை பெய்து ஏரி நிரம்பிக்கொண்டிருந்த ஒரு இரவு அவன் வீட்டில் இல்லை. நாலு பேர் டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு கரையில் தேடினோம். டார்ச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருப்ப எனக்குக் கை வரவில்லை. கரை ஓரத்தில் ஒரு பனைமரத்தடியில் நனைந்து உட்கார்ந்திருந்தான். எழுப்பியதும் சொல்பேச்சுக் கேட்கும் குழந்தைபோல எழுந்து வந்தான். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். மாத்திரையும் கொடுத்தார்கள், மின்அதிர்ச்சியும் கொடுத்தார்கள்.

வார்டு வராந்தாவில் அவன் மனைவி என்னிடம் கேட்டாள்: "அண்ணே, நீங்க படிச்சவங்க. அவரு மாத்திரைய நிறுத்துனது நீங்க சொல்லித்தானா?"

நான் 1.8 என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு மறுபடியும் படித்தேன். இந்த முறை ஜெயிப்பதற்காக அல்ல.

2018-லேயே வந்திருந்த ஒரு பெரிய ஆய்வை நான் முன்பு தவிர்த்திருந்தேன். ஆந்திரியா சிப்ரியானியும் சகாக்களும் செய்தது. 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். எல்லா மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிட மேலானவை என்பது முடிவு. பத்திரிகைகள் 'மருந்து வேலை செய்கிறது, விவாதம் முடிந்தது' என்று எழுதின. பத்து வருஷத்துக்கு முன் கிர்ஷின் கட்டுரைக்கு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று தலைப்பு கொடுத்தவையும் பத்திரிகைகள்தான். புள்ளியியலார் இப்படிப்பட்ட வித்தியாசங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். கிர்ஷுக்கு அது 0.32. டர்னர் பதிவேட்டிலிருந்து கணக்கிட்டது 0.31. சிப்ரியானிக்கு 0.30. மூன்றும் ஒரே எண் என்றே சொல்லலாம். ஒரே பிரதி, இரண்டு தீர்ப்பு. இலக்கியத்தில் இதை நாம் தினமும் பார்க்கிறோம், ஆனால் எண்களில் இது நடக்காது என்று நான் நம்பியிருந்தேன்.

சராசரி என்பது இன்னொரு விஷயத்தையும் மறைக்கிறது. 2010-ல் ஜே ஃபோர்னியர் குழு ஆறு சோதனைகளின் தகவல்களை நோயின் கடுமையை வைத்துப் பிரித்துப் பார்த்தது. லேசான, நடுத்தரமான சோர்வில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை, அல்லது மிகச் சிறிது. மிகக் கடுமையான சோர்வில் வித்தியாசம் கணிசமானது. கிர்ஷின் கட்டுரையிலும் இது இருக்கிறது. கடுமை கூடும்போது வெற்று மாத்திரையின் பலன் குறைகிறது என்று அவர் அதை விளக்குகிறார். நான் அந்தப் பத்தியைப் படித்திருந்தேன். என் சோர்வு எந்தக் கட்டத்தில் இருந்தது, அவனுடையது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

தீங்குகளும் நிஜம்தான். மருந்துக்குப் பரிந்து பேசும் புதிய பக்தனாக மாறிவிட நான் விரும்பவில்லை. 2004-ல் அமெரிக்க நிர்வாகம் குழந்தைகள், பதின்வயதினர் மீதான 24 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாலு, வெற்று மாத்திரையில் இரண்டு. அந்தச் சோதனைகளில் யாரும் இறக்கவில்லை. மருந்து அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டார்கள், 2007-ல் அதை 24 வயதுவரை நீட்டித்தார்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை ஏதோ தூரதேசத்துத் தகவலாகப் படிக்க முடியாது. 2015-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் தற்கொலை விகிதத்தில் நாம்தான் முதல். லட்சத்துக்கு 43.2, அகில இந்தியாவுக்கு 10.6. நிறுத்தும்போது வரும் உபாதைகள் லேசானவை, ஒரு வாரத்தில் போய்விடும் என்றே பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்லிவந்தது. சிலருக்கு அவை கடுமையாக, மாதக்கணக்கில் நீடிக்கும் என்று 2019 அக்டோபரில்தான் திருத்தினார்கள். என் ஆறு வாரமும் அவனுடைய தலைசுற்றலும் அந்தத் திருத்தத்துக்குள் வருகின்றன. ஆனால் திருத்தத்தின் சாரம் 'சாப்பிடாதே' என்பதல்ல. நிறுத்துவதானால் டாக்டரை வைத்துக்கொண்டு, மெதுவாக, படிப்படியாகக் குறைத்து நிறுத்து என்பதுதான். 2021-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை வெளிவந்தது. நீண்டகாலமாக மருந்து சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேர். தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 39 பேர் மறுபடி விழுந்தார்கள், குறைத்து நிறுத்தியவர்களில் 56 பேர். இதிலும் இரண்டு தலைப்பு எழுதலாம். நிறுத்தியவர்களில் 44 பேர் விழவில்லை. தொடர்ந்தவர்களில் 39 பேரை மருந்து தாங்கவில்லை.

இந்த மருந்துகளின் பூர்வகதையிலும் இதே மாதிரி இரட்டைத் தன்மை. நம் ஊர் சர்ப்பகந்தியிலிருந்து எடுக்கப்பட்டது ரெஸர்பின். 1955-ல் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் லண்டனில் பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு அதையும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரெஸர்பின் நல்ல பலன் தந்தது. அடுத்த பத்து வருஷத்தில் அதே ரெஸர்பின் சோர்வை உண்டாக்குகிற மருந்தாகப் பெயர் வாங்கி, மூளையில் ஒரு ரசாயனம் குறைவதால்தான் சோர்வு வருகிறது என்ற சித்தாந்தத்துக்கே ஆதாரங்களில் ஒன்றாகிவிட்டது. அந்தச் சித்தாந்தத்தின் செரொடோனின் பகுதிக்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-ல் ஜோவன்னா மான்க்ரீஃப் குழு எழுதியது. ஸ்விட்ஸர்லாந்தில் 1957-ல் முதல் சோர்வு மருந்துகளில் ஒன்றான இமிப்ரமினை அறிவித்த ரோலண்ட் கூன், இருத்தலியல் உளப்பகுப்பாய்வில் ஈடுபாடு கொண்டவர். நமக்குப் பிடித்தமான ஆள். குலுக்கல் சோதனையைவிட நோயாளியின் எதிரே உட்கார்ந்து பார்க்கிற தன் கண்ணையே நம்பினார், அந்தக் கண் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் அதே கூன் பல பத்தாண்டுகளாகத் தன் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம், அவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்காமலே, அங்கீகாரம் பெறாத பொருள்களைச் சோதித்துவந்தார் என்பதை 2019-ல் அங்குள்ள வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களோடு எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புகிறவன் எதிரே இருப்பவனிடம் அனுமதி கேட்க மறந்துவிடுகிறான். இதைப் படித்தபோது எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்தது.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. நம்மைப் போலவே வேறொரு ஐரோப்பியக் கொடியின் கீழ் இருந்த கோவாவில், விக்ரம் பட்டேலும் சகாக்களும் அரசு ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்த 450 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஃப்ளூவாக்ஸெட்டின், ஒரு பகுதிக்கு வெற்று மாத்திரை, ஒரு பகுதிக்குப் பேச்சுச் சிகிச்சை. முடிவு 2003-ல் வந்தது. இரண்டு மாதத்தில் மருந்து முந்தியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்வரை பார்த்தால் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. பேச்சுச் சிகிச்சை எந்தக் கட்டத்திலும் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. அதே பட்டேல் குழு மனம் தளராமல் அந்தச் சிகிச்சையை மாற்றி அமைத்து, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான சோர்வுள்ளவர்களிடம் செய்துபார்த்தது. 2017-ல் வந்த முடிவில் அது பலன் தந்திருந்தது. பட்டியலில் தோற்றதை மறைக்காமல் பிரசுரித்தவர்கள் என்பதால் பிறகு வென்றதையும் என்னால் நம்ப முடிகிறது.

இரண்டு மாதம் என்பது ஒரு வருஷக் கணக்கில் சின்னத் தொகை. டார்ச்சு விளக்கோடு ஏரிக்கரையில் நிற்கிறவனுக்கு அது சின்னத் தொகையல்ல.

எங்கள் கிளையில் நகைக்கடன் பகுதியில் ஒரு மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருப்பார். உரைகல்லில் நகையைத் தேய்த்துப் பார்த்து மாற்றுச் சொல்வார். முலாம் பூசிய நகை வந்தால் அவர் சத்தமாகச் சொல்வதில்லை. கொண்டுவந்த பெண்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இதுக்கு இங்க வராதும்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்பார். அவர் சொல்வதும் தீர்ப்புதான், உண்மைதான். அவர் யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதை நான் பத்து வருஷமாக அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் கவனித்ததில்லை. வெற்று மாத்திரை நம்பிக்கையால் குணப்படுத்துமென்றால், அவநம்பிக்கையால் நோய் கொடுக்கவும் முடியும். அதற்கும் மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, நோஸிபோ. மாத்திரையில் பாதி நம்பிக்கை என்று நான் சொன்னது சரியானால், அந்தப் பாதியை அவன் கையிலிருந்து பிடுங்கியவன் நான் என்பதும் சரி. என் வாதத்தின்படியே அது மருந்தைப் பிடுங்கியதற்குச் சமம்.

அவன் இப்போது நலமாக இருக்கிறான். மாத்திரை தொடர்கிறது. பள்ளிக்கூடம் போகிறான். கவிதை குறைந்துவிட்டது. "அழுகை வர மாட்டேங்குது. வந்தா எழுதலாம்னு பாக்கறேன்" என்று ஒரு நாள் சொன்னான். உணர்ச்சிகள் மழுங்குவது இந்த மருந்துகளின் அறியப்பட்ட விளைவுகளில் ஒன்று. எழுதாத கவிதைகளை எந்த அளவுகோலும் கணக்கில் எடுக்காது, நான் எடுக்கிறேன். அதே சமயம், அவன் இல்லாமல் போயிருந்தால் எழுதப்படாமலிருந்திருக்கக் கூடிய கவிதைகளையும் எடுக்க வேண்டும். டாக்டரிடம் சொல் என்று மட்டும் சொன்னேன். சொன்னான். அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்.

போன மாதம் மறுபடி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை நானே எடுத்தேன். 0.30 பற்றி, கடுமை பற்றி, கோவா பற்றி, நான் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்பது பற்றி இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரியா தப்பான்னு நான் கேக்கலடா" என்றான். "அன்னைக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமா சொன்ன?"